டெஸ்மண்ட் பறந்த நாள்

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி குறைந்ததா? இங்கே விஸ்கான்சினில் ஆகஸ்டிலேயே விடியற்காலை குளிர்கிறது. மற்றபடி நலம்.

போன வருடம் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு வந்த கையோடு தோள்பட்டை முறிந்து, இரண்டே ஆட்டம் ஆடிய டெஸ்மண்டைப் பற்றி எழுதினேனே? எட்டிப் பிடிக்கும் பந்தென்றால் அந்தக் கை இன்னும் பாதியிலேயே நின்றுவிடும். "இவன் தேறுவானா மாட்டானா, இன்னைக்கே எழுதிக் குடு" என்று நேற்று என்னிடம் சொன்னார் தலைமைப் பயிற்சியாளர். 'தேறமாட்டான்' என்று எழுதியே வைத்துவிட்டேன்.

பயிற்சியின் கடைசிப் பந்து, நான் நின்ற கோட்டோரமாக, அவன் தலைக்கு மேலே போனது. பயல் பறந்தான் அம்மா! அந்தக் கையாலேயே பிடித்து, அந்தத் தோள் அடிபட விழுந்தான், என் மேல்.

"கோச், பந்து தரையில படல, பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்டா, மொதல்ல எந்திரி!"

அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பழைய தாளைக் கிழித்துப் போட்டு, 'இவனை விட்டால் நாம்தான் முட்டாள்கள்' என்று இடது கையால் எழுதிக் கொடுத்தேன்.

இந்தக் கோணல் கையெழுத்துக்கும் அதுதான் காரணம். வலது மணிக்கட்டில் சின்னக் கட்டு, அவ்வளவுதான்.

பயிற்சிக்கு விசில் ஊதிவிட்டார்கள். கம்போ குழம்புக்கு இலைப்பொடி அனுப்பும்போது பொத்தான் இல்லாத சட்டை இரண்டு சேர்த்து வையுங்கள். இங்கே பொத்தான் போட்டுவிட ஆளில்லை.

உங்கள் லூசியன்