கடைசிக் கட்டத்தில் எழுதிய வம்பு

மார்ச் 3
முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினாறு வருஷமாக இந்த நூலகத்தின் உறுப்பினர் பட்டியலில், ‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டத்தில், வம்பு எழுதிவருகிறேன். ‘அட்டை கிழிந்து வந்தது’ என்று எழுதவேண்டிய இடம். நான் எழுதியது: ‘டெய்லர் — ஊரார் இடுப்பளவெல்லாம் மனப்பாடம், திருப்பித் தரும் தேதி மட்டும் நினைவில் நிற்காது.’

இன்று முதல் உறுப்பினர்கள் வீட்டிலிருந்தே அவரவர் பதிவை இணையத்தில் பார்க்கலாம். பக்கத்தைச் செய்துகொடுத்தவன் என் மச்சினன். “மாமா, எந்தெந்தக் கட்டம் அவங்களுக்குத் தெரியணுமோ அதை மட்டும் டிக் பண்ணுங்க.” இருபத்திரண்டு கட்டம். யாருக்குப் பொறுமை? ‘அனைத்தும்’ — ஒரே அமுக்கு.

மார்ச் 4
மத்தியானம் டெய்லர் வந்தார். கவுண்டரில் குனிந்து, “உங்க இடுப்பளவும் ஞாபகம் இருக்கு சார். நானும் ஒரு வெப்சைட் ஆரம்பிக்கட்டுமா?”

அவர் படியிறங்கியதும் மச்சினனுக்குப் போன் போட்டேன். “ஐயோ மாமா, அதையுமா காட்டினீங்க!” கால் மணியில் மறைத்துவிட்டான். ஆனால் ஒரு நாள் முழுக்கத் திறந்து கிடந்ததே!

டெய்லரைச் சமாளிக்கலாம். கணக்கு டீச்சரை? ரிட்டையரானதிலிருந்து தினமும் பத்தரைக்கு வருகிறவர். நான் லீவு போட்டால் என் இடத்தில் உட்காருகிறவருக்காக, டீச்சர் பெயருக்கு நேரே எழுதியிருந்தேன்: ‘வீட்டில் பேச ஆளில்லாமல் வருகிறார். கேட்ட புத்தகம் கையருகே இருந்தாலும் கொஞ்ச நேரம் தேடவும்.’

அவர் இன்று வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மார்ச் 5
பத்தரை. பதினொன்று. காணோம்.

மார்ச் 6
இன்றும் இல்லை. நாலு வார்த்தை பேச வந்த மனுஷியை விரட்டிட்டேனே, பாவி. மனைவியிடம் சொன்னேன். “வாய்தான் நீளம்னு நெனச்சேன். கையுமா?”

மார்ச் 9
வந்தார்! கறுப்புக் கண்ணாடியோடு. என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் என்று நினைத்து, அவர் வாயைத் திறக்குமுன் கொட்டிவிட்டேன். “மன்னிச்சிடுங்க டீச்சர், இளக்காரமா எழுதல. நீங்க வந்துட்டுப் போனா எனக்கும் அன்னைக்குப் பொழுது நல்லாப் போகுது...” அதோடு விட்டேனா? குறிப்பை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

“கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு இப்பதான் வெளியவே வர்றேன்,” என்றார். “எந்தக் குறிப்பு? எங்க எழுதினீங்க?”

கம்ப்யூட்டர் திரையை மெல்ல என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “புத்தகத்தை மேசைக்கு அடியில வெச்சுக்கிட்டே நீங்க ஏணி மேல ஏறித் தேடுறது எனக்குத் தெரியாதாக்கும்? இன்னிக்கு என்னால படிக்க முடியாது. இருந்தாலும் ஏதாவது ஒண்ணு தேடுங்க. மெதுவா.”

மார்ச் 10
மச்சினன் பார்த்துச் சொன்னான்: அந்த ஒரு நாளில் பக்கத்தைத் திறந்தவர்கள் மொத்தம் மூன்று பேர். டெய்லர், சோதித்துப் பார்த்த அவன், அப்புறம் ஆசையாக நான்.