வாசல் கேமராவில் முகம் தெரியவில்லை

என் சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருக்கிறீர்களா. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய். போனில் நீ ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்கிறாய், நான் ஒன்று சொன்னால் மாப்பிள்ளை வேறொன்றுக்குச் சிரிக்கிறார். இது சிரிக்கிற விஷயம் இல்லை.

போன மாதம் ஒரு நாள் வாசல் கேமராவை உன் போனில் பார்த்துவிட்டுச் சொன்னாயே, "அம்மா, யாரோ ஒரு பெரியவர் காலைல நம்ம வாசல்ல வந்து நின்னாரு, கையில பை, படி ஏறலை, பெல் அடிக்கலை, பத்து நிமிஷம் நின்னுட்டுப் போயிட்டாரு, நிக்கறதப் பாத்தா மாமா மாதிரி இருந்துச்சு, மூஞ்சிதான் தெரியலை" என்று. அவனாவது வருவதாவது என்று போனை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்கு ஒரு வேலை ஓடவில்லை. அப்போது நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன், கதவைத் திறந்து பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே இல்லை. நீ அனுப்பிய படத்தை இரண்டு கண்ணாடியும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி இருக்கிறது. தலையை இடப்பக்கம் சாய்த்து நிற்பது என் தம்பிதான் என்கிறது ஒரு மனது, அவன் இவ்வளவு மெலிய மாட்டான் என்கிறது இன்னொரு மனது. மெலிந்திருந்தால் எதனால் மெலிந்தான்? போன் போட்டுக் கேட்கவா என்றாய், கேட்காதே. நான் வரவே இல்லையே என்று அவன் சொல்லிவிட்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது.

அதனால்தான் நீ சொன்னதையெல்லாம் செய்தேன். லென்ஸைத் துடை என்றாய், ஸ்டூல் மேல் ஏறாதே என்றும் சொன்னாய், ஏறாமல் எப்படித் துடைப்பது என்று மட்டும் சொல்லவில்லை. ஒட்டடைக் கம்பில் துணியைக் கட்டித் துடைத்தேன், மறுநாள் நீ "என்னம்மா, வானந்தான் தெரியுது" என்கிறாய். சரி என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். அதே ஆள்தான், பதினோரு வருஷத்துக்கு முன்னால் சமையலறை ஸ்விட்சைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் போனவன். வந்தவுடன் அவன் கையைப் பிடிக்காத குறையாக அங்கே கூட்டிக்கொண்டு போய் அதைத்தான் முதலில் காட்டினேன். "இன்னுமா பாட்டி இதை ஞாபகம் வச்சிருக்கீங்க" என்கிறான். அவன் தலையே நரைத்துப் போயிற்று, நான் அவனுக்குப் பாட்டியாம்.

கேமராவை இறக்கிப் பார்த்துவிட்டு, லென்ஸ் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை ஏன் உரிக்கவில்லை என்று கேட்டான். புதுச் சாமான் கீறல் விழாமல் இருக்கட்டும் என்று விட்டேன், ஃபிரிட்ஜ் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, அது குளிராமலா போய்விட்டது. பிறகு வைஃபை டப்பாவை வீடெல்லாம் தேடினான். அது இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது, பத்திரம் என்று நீதானே சொன்னாய், பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன், ஒயர் மட்டும் பின்னால் இருக்கிற ஓட்டை வழியாக வரும். அவன் சிரித்த சிரிப்பில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. "இரும்புக்குள்ள அடைச்சு வச்சா அது எப்படி பாட்டி வெளிய வரும்" என்கிறான். செங்கல் சுவரைத் தாண்டுகிற ஒன்றுக்கு பீரோக் கதவைத் தாண்டத் தெரியாதா? கேட்டால் சுவர் வேறு இரும்பு வேறாம். இப்போது அதைக் கூடத்து அலமாரி மேல் வைத்திருக்கிறான், பச்சையாகக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. வெயில் ஆளுக்குப் பின்னால் இருந்தால் முகம் கறுத்துப்போகும் என்று கேமராவைக் கொஞ்சம் கீழே சாய்த்தான். உன் போனில் எச்டி என்று இருப்பதைத் தொட்டால் படம் தெளிவாக இருக்குமாம் ஆனால் நின்று நின்று வருமாம், குறைத்து வைத்தால் நிற்காமல் ஓடுமாம் ஆனால் மங்கலாம். ஓடினால் தெரியாது, தெரிந்தால் ஓடாது, இது என்ன கூத்தடி. நீ தெளிவாக இருப்பதையே வை, நின்று நின்று வந்தாலும் பரவாயில்லை.

போன மாதத்துப் படத்தை இப்போது தெளிவாக்க முடியுமா என்றும் கேட்டேன். முடியாதாம். அன்றைக்கு எப்படி விழுந்ததோ அப்படித்தானாம்.

உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நர்ஸ் பார்க்க, "காய்ச்சல் வந்தன்னைக்கே கூட்டிட்டு வந்திருக்கலாம்ல, நீ என்னத்தைப் பாத்தேக்கா" என்று என் தம்பி கேட்டது எனக்கு இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. நீலக் கோடு போட்ட சட்டை, பையில் மை கசிந்த கறை, எல்லாம் சொல்வேன். அப்பா போன மூன்றாம் நாள் வாசலுக்கு வந்தவனை, இனி என் படியை மிதிக்காதே என்றேன். நீ அப்போது பிளஸ் டூ, ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாய். பத்தொன்பது வருஷம் ஆகிறது, அவன் மிதிக்கவில்லை. நான் அப்படிச் சொன்னபோது அவன் முகம் எப்படி இருந்தது என்று இந்த ஒரு மாதமாக யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. எனக்கு வராமல் போனது இது ஒன்றுதான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருந்தாலும் எழுதாதே.

எலக்ட்ரீஷியன் போகும்போது இன்னொன்று சொன்னான். அந்தக் கேமராவில் பேசவும் முடியுமாம், நீ அங்கே போனில் பேசினால் இங்கே வாசலில் கேட்குமாம். இதை நீ ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? இனிமேல் யாராவது படிக்குக் கீழே வந்து நின்றால் முகத்தை நன்றாகப் பார், ஆள் மாறி எவனையாவது உள்ளே அழைத்துவிடாதே. அவன்தான் என்று தெரிந்தால், "மாமா, மேல ஏறி வாங்க, அம்மா உள்ளதான் இருக்காங்க" என்று நீயாகச் சொல்வது போலச் சொல்லு. நான் சொல்லச் சொன்னேன் என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. காலையில் துணி துவைப்பதை விட்டுவிட்டேன், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் ஆசி, நீ வேளைக்குச் சாப்பிடு, மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். மறக்காமல் ஒன்று செய். அவன் முதல் படியில் கால் வைத்ததும் உன் போனை அணைத்துவிடு. அதற்கு மேல் நீ பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்