கொடியில் கிடந்த சின்னச் சட்டைகள்

வியாழக்கிழமை இரவு, லண்டன் நோர்பரி.

மகள் டிவிக்குச் செய்தி எழுதுகிறாள். ஆறு மணிச் செய்தி முடிந்ததும் தினமும் எனக்குப் போன் எடுப்பாள்.

"பாத்தனீங்களோ அப்பா? எங்கட பிரிட்டிஷ் பிளேன் தீவிரவாதிகளின்ர முகாமை அடிச்சது."

எனக்கு இங்கிலிஷ் விளங்காது. ஆனால் படம் விளங்கும். ஊரில் குண்டு போடும் பொம்பர் சத்தம் கேட்டால், மேலிருந்து பார்ப்பவனுக்குத் தெரியாதபடி கொடியில் கிடக்கும் உடுப்பை இழுத்தெடுத்துக்கொண்டுதான் பங்கர் குழிக்குள் ஓடுவோம்.

"படத்தில கொடி நிறையச் சின்னச் சட்டை கிடந்ததடி. ஒருத்தரும் எடுக்கேல்லை. அதை எழுதினியோ?"

"ஆமி தந்த படம் அப்பா. அவங்கள் சொன்னதைத்தான் எழுத ஏலும்."

"எங்கட வீட்டை அடிச்சிட்டும் முகாமெண்டுதான் ரேடியோவில சொன்னவங்கள். கொடியில கிடந்தது உன்ர தம்பியின்ர சட்டை."

போனை வைத்துவிட்டாள்.

அந்தக் குண்டில் போன அவனுடைய பேச்சை நாங்கள் இருவரும் எடுப்பதேயில்லை. இன்று நான் எடுத்துவிட்டேன். நாளை ஆறு மணிச் செய்திக்குப் பிறகு போன் அடிக்குமோ தெரியாது.