கேட்டு வாங்க வேண்டிய சுத்தியல்

மார்ச் 3, செவ்வாய்

மேலே தூக்கித் திறக்கிற அந்தப் பாழாய்ப்போன ஜன்னல் மறுபடி விழுந்தது. மரச்சுத்தியலை வைத்து முட்டுக் கொடுத்தேன், நின்றது. என் வீட்டுக்காரர் போன பிறகு அதற்கு இந்த வேலையாவது கிடைத்ததே.

சகோதரர் சங்கத்தில் ஒரு வழக்கம். கிளைத் தலைவர் பதவியில் இருக்கும்போதே இறந்தால், கூட்டம் திறக்க அவர் தட்டும் சுத்தியல் அவர் வீட்டிலேயே இருக்கும். அடுத்த தலைவர் வாசலில் நின்று வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்க வேண்டும். அடுத்து வந்தவர் என் கொழுந்தனார். கேட்டாரா? கடையில் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டார். "அண்ணிகிட்டப் போய் நான் கையேந்தணுமா" என்று என் காதுபடவே சொன்னார். வெங்காயத்தோல் நிறச் சட்டை போட்டிருந்தார். மறப்பேனா?

மார்ச் 5, வியாழன்

மருமகள் சொன்னாள். எங்கள் கிளையை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிளையோடு மண்டலம் சேர்க்கப்போகிறதாம். எங்களிடமிருந்து பிரிந்து போனபோது நல்ல நாற்காலிகளாகப் பார்த்துத் தூக்கிப்போனவர்கள் அவர்கள்.

கிளைக்கு மேல் மண்டலம், மண்டலத்துக்கு மேல் தலைமைச் சபை. மேலே போகப் போக நாற்காலி பெரிசாகும், வேலை சிறிசாகும். ஆனால் கிளை கூடி வேண்டாம் என்று வாக்களித்தால் மண்டலம் கை வைக்க முடியாது.

வாக்களித்துத் தொலையுங்களேன்.

மார்ச் 8, ஞாயிறு

வாக்களித்தார்களாம். செல்லாதாம்.

மண்டலச் செயலாளர் — விதிப்பெட்டி என்றால்தான் எங்களுக்குத் தெரியும் — "கூட்டத்த எதால தட்டித் தெறந்தீங்க?" என்றாராம். கடைச் சுத்தியலைக் காட்டியிருக்கிறார்கள். "இது ஆணி அடிக்கறது. கிளை ஆரம்பிச்சப்போ சாசனத்தோட குடுத்த சுத்தியல் எங்க?" எல்லோரும் கொழுந்தனாரைப் பார்க்க, அவர் கூரையைப் பார்த்தாராம். அடுத்த ஞாயிறு முறைப்படித் திறந்து வாக்கெடுக்காவிட்டால் கிளை கிடையாது.

இத்தனை வருஷமாகத் திறக்காத கூட்டத்தில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள்.

மார்ச் 11, புதன்

முதலில் ஓரகத்தி வந்தாள். "அக்கா, அவருக்கு முட்டி வலி." சங்கக் கூடம் வரை நடக்கிற முட்டி என் வீடு வரை நடக்காதா? பிறகு என் மகனே வந்து நின்றான்.

"அப்பா ஆரம்பிச்ச கிளைம்மா. உன் வீம்பால போயிரும்."

"என் வீம்பா? கேக்கறதுக்கு ஒரு வாய்தானேடா வேணும்."

சாப்பிடாமல் போய்விட்டான். கிளைக்கு ஆள் சேர்க்க வீடு வீடாக நடந்த கால் அவர் கால். அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்தது யார்? எனக்கா அக்கறை இல்லை?

மார்ச் 14, சனி

யாரும் வரவில்லை. சுத்தியலைத் துடைத்து மறுபடி ஜன்னலில் வைத்தேன். எதற்குத் துடைத்தேன்?

மார்ச் 15, ஞாயிறு

வந்தார். படியேறவில்லை. தலை முழுக்க நரைத்துவிட்டது — எப்போது நரைத்தது? சங்கத்து வாசகத்தை ஒழுங்காகச் சொன்னார்: "சகோதரன் வீட்டில், சகோதரருக்காகக் கேட்கிறேன்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "அன்னைக்கு வந்திருந்தா அழுதிருப்பேன் அண்ணி. ஆளுங்க முன்னால..."

இதைச் சொல்ல இத்தனை வருஷமா மனுஷனுக்கு? ஜன்னலிலிருந்து உருவிக் கொடுத்தேன். ஜன்னல் தடாரென்று விழுந்தது.

"என்ன அண்ணி சத்தம்?"

"ஒண்ணுமில்ல. நேரமாச்சு, போங்க."

மார்ச் 16, திங்கள்

முறைப்படித் திறந்தார்களாம். முறைப்படி வாக்கெடுத்தார்களாம். எட்டிப்பார்க்காத சின்னவயசுக்காரர்கள் எல்லாம் சுத்தியல் வருகிறது என்று வேடிக்கை பார்க்க வந்து, அந்தப் பக்கத்துக் கிளையோடு சேர்ந்துவிடலாம் என்று கை தூக்கிவிட்டார்களாம். கிளை போயிற்று.

நான் பேசாமல் ஜன்னலிலேயே விட்டிருக்கலாம்.

மார்ச் 22, ஞாயிறு

கலைந்த கிளையின் சுத்தியல் கடைசித் தலைவர் வீட்டில் இருக்க வேண்டும். கொழுந்தனார் அதைத் துணியில் சுற்றி இங்கே கொண்டுவந்தார்.

"உங்க வீடு அந்தத் தெருவுல இல்ல இருக்கு தம்பி" என்றேன்.

"கடைசித் தலைவர் அண்ணன்தான். நான் தெறந்தது ஒரே கூட்டம், அதுவும் கலைக்கறதுக்கு."

உள்ளே வந்தார். ஜன்னலைத் தூக்கி அவரே முட்டுக் கொடுத்தார். டீ போட்டேன். சர்க்கரை கூடாதாம் இப்போது.

அடுத்த ஞாயிறு வந்து ஜன்னலுக்குக் கொக்கி அடித்துத் தருகிறாராம். அந்தக் கடைச் சுத்தியல் சும்மாதான் கிடக்கிறதாம்.