பிதுக்குப் பருப்புக்கு நீங்கள் விதித்த கூலி

மாமா,

இன்று காலை தெருமுனைத் தள்ளுவண்டியில் கொட்டை முற்றிய அவரைக்காய் வாங்கினேன். பையைத் திறந்ததும் அந்த நெடி வந்தது. பனி குடித்த காயின் எண்ணெய் வாசனை. இந்த ஊரில் அதைச் சொகடு என்பார்கள். மற்றவர்களுக்கு அதை முகர்ந்தால் பசி எடுக்கும். எனக்கு நீங்கள்தான் வருகிறீர்கள், தொண்டையைச் செருமிக்கொண்டு. பசி போய்விடுகிறது.

நீங்கள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. காரியத்தன்று வந்தவர்கள் எல்லோரும் உங்களை நியாயஸ்தர் என்றார்கள். நான் காபி டம்ளர்களை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தேன். உங்கள் மகன் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. வரவழைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

உத்தியோக காலம் முழுவதும் சம்பளத் தகராறுகளை விசாரித்தவர் நீங்கள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த விசாரணையை விடவில்லை. இஸ்திரிக்காரர், ஆட்டோக்காரர், தேங்காய் பறிக்க வருபவர், யாராக இருந்தாலும் உங்கள் முன்னால் நின்று தன் கூலிக்குக் காரணம் சொல்ல வேண்டும். நீங்கள் கண்ணை மூடிக் கேட்பீர்கள். பிறகு தீர்ப்பு வரும். அது எப்போதும் அவர்கள் கேட்டதில் பாதிக்குக் கீழேதான் இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மருமகளாக இந்த விவேக் நகர் வீட்டுக்கு வந்தேன். அந்த முதல் டிசம்பர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தெருவெங்கும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் தொங்கின. அவரைக்காய் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆபீஸ் நண்பர்கள் இருவரைச் சாப்பிட அழைத்தீர்கள். பிதுக்குப் பருப்புக் குழம்பு வேண்டும் என்றீர்கள். காயை உரித்து, கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து பிதுக்கி எடுக்க வேண்டும். அதற்குத்தான் பக்கத்து நீலசந்திராவிலிருந்து கஸ்தூரியை வரச் சொன்னீர்கள். பதினெட்டு வயதிருக்கும். இந்த ஊர்ப் பிளஸ் டூவான பி.யு.சி. முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் வகுப்பில் சேர இப்படிச் சீசன் வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூலி என்ன என்று அவள் முதலிலேயே கேட்டாள். "வேலையப் பார்த்துட்டு நியாயமா தரேன், போ" என்றீர்கள்.

விடிந்ததிலிருந்து பின்கட்டில் உட்கார்ந்து ஒரு டப் முழுக்கப் பிதுக்கினாள். அந்தக் குளிரில், குழாய்த் தண்ணீரில். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிவிட்டன. இரண்டாவது டப் ஊறிக்கொண்டிருந்தது. அப்போது நண்பர்கள் வந்தார்கள். வேடிக்கை காட்டுவதுபோல அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டீர்கள்.

"எவ்வளவும்மா எதிர்பார்க்கற?"

"உரிச்ச பருப்பு கிலோவுக்குப் பத்து ரூபா சார்."

"பத்தா! இந்த வேலைய எங்க கத்துக்கிட்ட?"

"கத்துக்கறதுக்கு இன்னா சார் இருக்குது இதுல?"

"அதான் நானும் சொல்றேன். கத்துக்க ஒண்ணும் இல்லாத வேலை. உட்கார்ந்த இடத்துல, நிழல்ல. சுமை தூக்கல, வெயில்ல நிக்கல."

"வெயில் இருந்திருந்தா தேவல சார். தண்ணி ஐஸ் மாதிரி இருந்துது."

நண்பர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். உங்களுக்குப் பிடிக்கவில்லை. கண்ணை மூடினீர்கள். "நாலு ரூபா. அதுவே ஜாஸ்தி. மத்தியானம் சாப்பாடு வேற இருக்கு."

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். "அவ கேட்டது சரிதான் மாமா" என்றேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உள்ள போம்மா."

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் என் மனதைவிட்டுப் போகவே இல்லை. குரலைத் தணித்து, கருணை பொங்க அவளிடம் கேட்டீர்கள்: "கம்ப்யூட்டர் கிளாஸுக்கு ஃபீஸ் எவ்வளவு? நான் கட்டறேன். அது தர்மம். கூலின்னு வந்தா கூலிதான். ரெண்டையும் கலக்கக்கூடாது."

நண்பர்கள் உருகிப்போனார்கள். கஸ்தூரி உருகவில்லை.

"தர்மமெல்லாம் வேணாம் சார். கூலிய சரியா குடுங்க, ஃபீஸ நானே கட்டிக்கறேன்."

உங்கள் முகம் சிறுத்துப்போனதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். உங்கள் தீர்ப்பின்படி எண்ணி மேசைமேல் வைத்தீர்கள். அவள் எடுத்துக்கொண்டாள். உழைத்த காசை எதற்காக விட்டுவிட்டுப் போக வேண்டும்? செருப்பை மாட்டியவளிடம், "அந்த இன்னொரு டப்பு?" என்று கேட்டீர்கள்.

"அது பத்து ரூபா பருப்பு சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சாப்பாட்டுக்கும் நிற்கவில்லை.

"திமிரு" என்றார் ஒரு நண்பர். நீங்கள் என்னைக் கூப்பிட்டு மீதியைப் பிதுக்கச் சொன்னீர்கள். "மாட்டேன் மாமா" என்றேன். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத மருமகள், விருந்தாளிகள் முன்னால். பொங்கல் வரை நீங்கள் என்னோடு பேசவில்லை. இந்த வீட்டில் நான் அனுபவித்த நிம்மதியான நாட்கள் அவைதான்.

பருப்பு போதாது என்று உங்கள் மகனை மார்க்கெட்டுக்கு விரட்டினீர்கள். உரித்த பருப்பு அங்கே பாக்கெட்டில் கிடைத்தது. காயின் விலை, உரித்த கூலி, வியாபாரியின் லாபம் எல்லாம் சேர்த்துச் சொன்ன விலையை அவர் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வந்தார். நீங்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பருப்பு ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டீர்கள். கடைக்காரர் சொன்னால் அது விலை. கஸ்தூரி சொன்னால் மட்டும் அது விசாரணைக்கு உரியது. ஊறிய கொட்டை புளித்துப்போய் மறுநாள் மாட்டுக்குப் போனது.

நீங்கள் கஞ்சராக இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். கஞ்சனுக்குக் காசின் மேல் ஆசை, அவ்வளவுதான். நீங்கள் கோயிலுக்குக் கொடுத்தீர்கள், அநாதை இல்லத்துக்குக் கொடுத்தீர்கள், அந்தப் பெண்ணின் ஃபீஸையும் கொடுத்திருப்பீர்கள். கூலியைவிட அது எத்தனையோ மடங்கு. கொடுப்பதில் உங்களுக்குக் குறையே இல்லை. கொடுத்தாக வேண்டும் என்பதுதான் பொறுக்கவில்லை. வாங்குகிறவள் கும்பிட்டு வாங்க வேண்டும். கணக்குக் கேட்டு வாங்கினால் அவள் திமிர் பிடித்தவள். இந்த அற்பத்தனத்துக்கு நீங்கள் வைத்திருந்த பெயர்தான் நியாயம்.

கஸ்தூரி அந்தச் சீசன் முழுக்க அந்த மார்க்கெட் வியாபாரிக்கே பருப்பு உரித்துக் கொடுத்தாள். கிலோவுக்குப் பத்து ரூபாய். அடுத்த வருடம் பஸ்ஸில் பார்த்தேன். கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். "உங்க மாமனார் நல்லா இருக்காரா அக்கா?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை வீட்டில் சொன்னபோது நீங்கள் தலையாட்டிக்கொண்டீர்கள். "அன்னிக்கு நான் கண்டிப்பா இருந்தேன் பாரு, அதான் அவ முன்னுக்கு வந்திருக்கா." அந்த நேரத்தில் நான் உங்களுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். கரண்டியைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

இந்த வீடு இப்போது என் பொறுப்பில். பண்டிகைக்கு முன் வெள்ளையடிக்க, சம்ப்புத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ, தோட்டத்தைச் சுத்தம் செய்ய என்று இளவயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். கூலியைச் சொல்கிறார்கள். அந்த நொடியில் என் தொண்டையில் ஒரு செருமல் கிளம்புகிறது மாமா. இவ்வளவா, இதில் என்ன கஷ்டம், சாப்பாடு வேறு போடுகிறோமே என்று கேட்க வாய் வருகிறது. அது யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும். விழுங்கிவிட்டு, சரிப்பா என்று சொல்லி வேலையைக் காட்டுகிறேன்.

செத்தவர்களை மன்னித்துவிட வேண்டும் என்று உங்கள் மகன் சொல்கிறார். அவருக்கு அது முடியும். எனக்கு உங்கள் மேல் இருக்கும் இந்த இகழ்ச்சியை நான் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். அது தேய்ந்துபோகிற அன்று, உங்கள் நாற்காலியில் நான் உட்கார்ந்திருப்பேன்.