வாலு வாயில் வைத்தது

என் அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நீ அங்கே சௌக்கியமாக இருப்பாய் என்றே நினைத்துக்கொள்கிறேன், போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்ததை மட்டும் மனதில் முடிந்து வைத்திருக்கிறேன். தூக்கக் கலக்கம் என்றாய், நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அந்த எல்லோரில் வாலுவும் சேர்த்தி, அதைப் படித்து ஒரு மூச்சு விட்டுக்கொண்டு மேலே படி. ஏம்மா வாலு குரைக்கிற சத்தமே கேக்கல என்று நீ கேட்டாயே, தூங்குகிறான் என்றேனே, அது பொய். அப்போது அவன் நாய் டாக்டர் வீட்டுக்கு அடுத்த கிளினிக்கில் தொண்டையில் குழாயோடு கிடந்தான். போனில் சொன்னால் நீ அழுவாய், அதைக் கேட்டு நான் அழுவேன், உன் அப்பா ரெண்டு பேரையும் அதட்டிவிட்டுக் குளியலறையில் போய்த் தனியாக அழுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அன்று விடுமுறை, காலையில் நானும் அப்பாவும் வாலுவைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனோம். வழக்கம்போல் பாறைப் பக்கம் ஓடியவன் எதையோ கவ்வினான், அப்பா கத்துவதற்குள் விழுங்கியும்விட்டான். திரும்பி வருகிற வழியிலேயே பின்னங்கால்கள் பின்னிக்கொண்டன. நம் கட்டடத்து முதல் படியில் முன்கால்களை வைத்தவன் அப்படியே சரிந்தான். வாயில் நுரை, உடம்பு துணி மாதிரி துவண்டுவிட்டது, ஆனால் கண் மட்டும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. நாய் டாக்டர், "என்ன விஷம்னு தெரியலைங்க. இதுக்கு மாத்து மருந்து இருக்கான்னும் தெரியல. மூச்சை நாங்க பாத்துக்கறோம், மிச்சத்தை அவன்தான் பாத்துக்கணும்" என்றார். விஷம் என்ற சொல் என் காதில் விழுந்ததும் மற்ற எதுவும் விழவில்லை. ஏனென்றால் அதற்குச் சில நாள் முன்னால்தான் மேல்மாடி பல் டாக்டரம்மாவின் குட்டி நாய் செத்துப்போனது, ரொட்டிக் கடைக்காரர் சோறு போட்டு வளர்த்த பழுப்பு நாயும் மணலில் விறைத்துக் கிடந்தது. மூன்று நாய்க்கும் ஒரே நேரத்தில் தலைவிதி வந்துவிடுமா?

என் வேலையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறி டிக்கெட்டைக் காட்டுங்கள் என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவள். ஒருவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புகிற விதத்திலேயே அவனிடம் டிக்கெட் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கண்ணோடு யோசித்தேன், கீழ்வீட்டு விசில்காரர்தான் மனதில் வந்து நின்றார். உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த அதே மனிதர்தான், கடற்கரைக் காவல் வேலையில் இன்னும் இருக்கிறார். ஆனால் நாய்களைக் கண்டால் அவருக்கு ஆகாது, கயிறு இல்லாமல் விட்டால் விசில் ஊதி ஊரைக் கூட்டுவார். அது மட்டும் என்றால் விட்டிருப்பேன். கொஞ்ச நாளாகக் காலையில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பாறைச் சந்தில் குனிந்து குனிந்து, பையோடு ஏதோ செய்துகொண்டிருந்ததை நான் இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஒருமுறை என்ன அண்ணே செய்யறீங்க என்று கேட்டதற்கு, "சும்மா தங்கச்சி, குப்பை" என்று பையைப் பின்னால் மறைத்தார். குப்பையை எதற்கு மறைக்க வேண்டும் சொல்.

நான் யாரிடமும் அவர்தான் விஷம் வைத்தார் என்று சொல்லவில்லை. கையுறையைச் சொன்னேன், பையைச் சொன்னேன், மறைத்ததைச் சொன்னேன். படிக்கட்டில் பல் டாக்டரம்மாவிடம் சொன்னேன், அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் ரொட்டிக் கடையில் எனக்கே அந்தக் கதையைத் திருப்பிச் சொன்னார்கள், அதில் அவர் கறித்துண்டில் எலி மருந்து தடவியதாக இருந்தது. அப்பா மட்டும், "உனக்கு யாரைப் பாத்தாலும் டிக்கெட் இல்லாத மூஞ்சியாத்தான் தெரியும்" என்றார். நான் காதில் வாங்கவில்லை. யாரோ புகார் கொடுத்திருக்கிறார்கள், நகராட்சியிலிருந்து இரண்டு பேர் வந்து விசில்காரர் வீட்டைத் திறந்து பார்த்தார்கள், வாசல் நிறைய ஆட்கள். அவர் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். விசாரணை முடியும்வரை கடற்கரைப் பக்கம் வரவேண்டாம் என்று அவருக்கு உத்தரவாயிற்று.

மறுநாளே வாலு கண்ணை உருட்டினான். சாயங்காலம் வாலை ஆட்டினான், பேருக்கு ஏற்ற பிள்ளை. நாய் டாக்டர் அவன் வாந்தியெடுத்ததைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். எலி மருந்தும் இல்லை, கறித்துண்டும் இல்லை. சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு கட்டி, அதைத் தேடிக்கொண்டு கடல் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும், முழங்கால் வரை சேறு. நத்தை ஒன்று ஓட்டைக் கழற்றி வைத்துவிட்டு வந்தால் எப்படி இருக்கும், அப்படி உள்ளங்கை அளவுக்கு ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் போட்டுக் காட்டினாள். தொட்டால் வயிறு உப்புகிற பேத்தை மீனில் இருக்கிற விஷம்தான் இதன் உடம்பிலும் இருக்கிறதாம். "இது இந்தக் கடல்ல இருக்கவே கூடாதும்மா. இதுக்கு முன்னாடி இங்க யாரும் பாத்ததில்ல. கிடைச்சதையெல்லாம் தின்னுட்டு பரவிக்கிட்டே போகுது" என்றாள்.  அன்று விசில்காரர் மறைப்பதற்குள் பையின் வாயில் ஏதோ தெரிந்தது நினைவுக்கு வந்தது, இதே சாம்பல், இதே வழவழப்பு.

அவர் செய்தது என்னவென்று பிறகு அவர் மனைவி சொன்னாள். பிள்ளைகள் மிதித்து வழுக்கி விழுகிறார்கள் என்று பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறார். விஷம் கிஷம் எல்லாம் அவருக்கும் தெரியாது. மறைத்தது ஏன் என்றால், கரையில் அசிங்கம் ஒதுங்குகிறது என்று தெரிந்தால் குளிக்க வருகிற கூட்டம் குறையும், வாயைத் திறக்காதே என்று மேலதிகாரி சொல்லி வைத்திருக்கிறார். அந்த மேலதிகாரியைத்தான் இப்போது நான் சந்தேகப்படுகிறேன், இந்தச் சந்தேகம் தப்பாது.

எங்கிருந்து வந்தது இந்தச் சனியன் என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். கப்பல் அடியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம், கப்பல்கள் பாரத்துக்காக நிரப்பிக்கொள்கிற தண்ணீரில் குஞ்சாக வந்திருக்கலாம் என்று லாம் லாமாகச் சொன்னாள். கப்பல் அடி என்றதும் நான் உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். பட்டறையில் கப்பல் அடியைச் சுரண்டிச் சாயம் பூசுகிறவர் யார், சுரண்டியதெல்லாம் எங்கே போகிறது? மனிதர் உடனே எழுந்து தேநீர் போடப் போய்விட்டார், கேட்காமலே தேநீர் போடுகிறவரா உன் அப்பா. அப்புறம் மெதுவாக, "எங்க முதலாளி தண்ணியிலதான் தள்ளச் சொல்லுவார், எல்லாப் பட்டறையிலயும் அப்படித்தான்" என்றார். இப்போது தினமும் முதலாளியோடு மல்லுக்கு நிற்கிறார், சுரண்டியதை வலைக்குள் பிடித்து உலர்த்தி எரிக்க வேண்டும் என்று. வேலைக்கு ஆபத்து வருமோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிறுத்தச் சொல்லவில்லை.

விசில்காரருக்கு வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான் படிக்கட்டில் ஆளாளுக்கு நிறுத்தி அவர் மேல் தப்பில்லை என்று சொல்லிப் பார்த்தேன். பல் டாக்டரம்மா, "இருக்கலாம், ஆனா நெருப்பில்லாம புகையுமா" என்கிறாள். அந்தப் புகையைப் போட்டதே நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன், ஆனாலும் சொன்னேன், சிரித்துவிட்டுப் போனாள். கரையில் தாய்மார்கள் அவர் நிற்கிற பக்கம் பிள்ளைகளை விடுவதில்லையாம். கடைசியில் நேற்று அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அண்ணே, நான் கண்ணால் பார்த்ததை வாயால் பெரிசாக்கிவிட்டேன், என்னை ரெண்டு வார்த்தை திட்டுங்க என்றேன். திட்டவில்லை. உட்காரச் சொல்லி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "நாய் எப்படி இருக்கு மேடம்" என்று கேட்டார். உனக்கு நடை தெரியாத காலத்திலிருந்து என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டவர். திட்டியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருப்பேன்.

வாலுவுக்கு இப்போது கயிறும் உண்டு, வாய்க்கூடும் உண்டு, நாங்கள் பாறைப் பக்கமே போவதில்லை. நீயும் உன் பக்கத்துக் கடலில் கண்டதைக் கையால் தொடாதே. அறையில் உன்னோடு இருக்கிற பெண் உன் குடையை எடுத்துப் போய்விட்டாள் என்றாயே, அவளிடம் முதலில் கேள், கேட்காமல் வேறு யாரிடமும் சொல்லாதே. நன்றாகச் சாப்பிடு, தலையை ஈரத்தோடு முடியாதே, நினைத்ததெல்லாம் உனக்குக் கூடி வரட்டும், ஆயுசும் ஆரோக்கியமும் குறையாமல் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே, விசில்காரருக்கு நீ தனியாக நாலு வரி எழுது. என்னை மன்னிக்கச் சொல்லி எழுதாதே, அது என் பாடு. நீ அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாய், கடிதத்திலும் அப்படியே கூப்பிடு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா