நரியைப் பார்த்துக்கொள்வது

மார்ச் 4

அன்புள்ள உனக்கு,

இங்கு நலம். உன் தங்கை வீட்டில் இருக்கிறாயே, கால் கட்டு இன்னும் அரிக்கிறதா?

கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் நரி குட்டி போட்டிருக்கிறது. மூன்று குட்டிகள், ஒன்றையே இரண்டு முறை பார்த்திருந்தால் இரண்டு. உன் வாத்துகளில் ஒன்றைக் காணோம். குளத்தோரம் இறகு கிடந்தது. பக்கத்துத் தோட்டத்து லாரிக்காரர், "கறித்துண்டுல மருந்து வச்சா காலையில கதை முடிஞ்சிடும் சார்" என்கிறார். உன்னைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். வாத்துகள் உன்னுடையவை. என்ன செய்யட்டும்?

உன்னவன்

மார்ச் 8

அன்புள்ள 'இருந்தாலும்' அவர்களுக்கு,

பெண் பார்க்க வந்த அன்று, என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதே "பிடிச்சிருக்கு, இருந்தாலும்..." என்று இழுத்தவர்தானே நீங்கள்! வாத்து போனது வயிற்றெரிச்சல். கால் தேவலை. நரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி

மார்ச் 11

அன்புள்ள உனக்கு,

'பார்த்துக்கொள்ளுங்கள்' என்றால்? குழந்தையைப் பார்த்துக்கொள் என்கிறோமே, அப்படியா? இல்லை, 'அவனை நான் பார்த்துக்கிறேன்' என்று ரவுடி சொல்வதுபோலா? கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தும் விளங்கவில்லை. புத்தி கெட்டுப்போய்க் கடிதத்தை லாரிக்காரரிடம் காட்டிவிட்டேன். அம்மாவே சொல்லிவிட்டார்கள் என்று கறி வாங்கக் கிளம்பிவிட்டார். இன்று இன்னொரு வாத்தும் போயிற்று. நாளை வருகிறாராம். அதற்குள் உன் பதில் வராது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன்னவன்

மார்ச் 12

அன்புள்ள உனக்கு,

லாரிக்காரர் வாளியோடு வந்தார். அதற்கு முன்பே கொட்டகை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே குட்டிகள் முனகுவது இருவருக்கும் கேட்டது.

"தள்ளுங்க சார். அம்மா சொன்னதைத்தானே செய்யறேன்."

"அவ எனக்குத்தான் சொன்னா. நான் பார்த்துக்கிறேன்."

அவர் முகம் கறுத்து, வாளியோடு திரும்பிப் போய்விட்டார். இனி சந்தைக்குப் போகும் நம் மூட்டைகளை அவர் லாரியில் ஏற்றமாட்டார். மிச்ச வாத்துகளை அடுப்படியில் அடைத்திருக்கிறேன். தரையைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறது. நான் செய்தது தப்பா? தப்பென்றால் இரண்டு வரியில் திட்டி எழுது. பதில் போடாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்னவன்

மார்ச் 16

அன்புள்ளவருக்கு,

நான் எழுதியது மருந்து வைக்கச் சொல்லித்தான். அது உங்களுக்கும் தெரியும். தெரியாதவர் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் உட்காரமாட்டார். இத்தனை வருஷத்தில் என் பேச்சை நீங்கள் மீறியது இதுதான் முதல் தடவை. கோபத்தோடுதான் மறுபடி படித்தேன். "ஏன்க்கா தனியா சிரிக்கிறே?" என்கிறாள் தங்கை.

குட்டிகள் பெரிதாகிப் போகும்வரை வாத்துகள் அடுப்படியிலேயே இருக்கட்டும். கட்டைப் பிரித்ததும் வருகிறேன். தரையை நான் கழுவமாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி